பெடல் சொல்லும் செய்தி

ஒரு மோட்டார் வண்டியைக் கண்டதும் நாம் கேட்கும் முதற் கேள்வி, "இது எவ்வளவு வேகம் போகும்?" என்பதே. "இது எப்படி நிற்கும்?" என்று கேட்பவர் அரியர். ஆனால், ஓடத் தெரிந்த வண்டி பாதி வண்டிதான். நிற்கவும் தெரிந்ததே முழு வண்டி. ஓடாத வண்டியால் நமக்கு வரும் துன்பம் நடந்து போவதோடு முடிந்துவிடும். நிற்காத வண்டியால் வரும் துன்பமோ நம்மோடு மட்டும் முடிவதில்லை. ஆகையால் இன்று வண்டியை நிறுத்தும் கருவியைப் பற்றி, அதிலும் அதன் உயிர்நிலையாகிய மாஸ்டர் சிலிண்டரைப் பற்றி, சில சொல்ல விரும்புகிறேன். பழைய காரில் அது பழுதுபடுவதை எப்படிக் கண்டறிவது, கண்டறிந்தபின் எப்படி மாற்றுவது என்பதே பேச்சின் பொருள்.

எங்கள் ஊர் சங்கரன்கோவில். சங்கரநாராயணர் திருக்கோயிலாலும் ஆடித்தபசுத் திருவிழாவாலும் பெயர் பெற்ற ஊர். ஊரைச் சுற்றிப் பெரும்பாலும் கரிசலும் சமநிலமுமே. மேற்கே புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை என்று சென்றால்தான் நிலம் உயரத் தொடங்கும். செங்கோட்டையைத் தாண்டிப் புளியரையில் சாலை வளைந்து வளைந்து மலையேறி, ஆரியங்காவுக் கணவாய் வழியே கேரளத்துள் நுழைகிறது. போகும்போது ஏற்றம், திரும்பும்போது அதுவே இறக்கம்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் என் பெரியப்பாவிடம் ஒரு பழைய அம்பாசிடர் கார் இருந்தது. வீட்டார் அனைவரும் அதில் ஆரியங்காவு சென்று வருவதாக ஏற்பாடு. புறப்படுவதற்கு ஒரு வாரம் இருக்கையில், ஒருநாள் அவருடன் அந்தக் காரில் போனேன். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. தண்டவாளத்தை நோக்கிச் சாலை சற்றே மேடாக ஏறும் இடம். பெரியப்பா பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினார். காலை எடுக்கவில்லை; அழுத்தியபடியே இருந்தார். அப்படியிருந்தும் வண்டி மெல்லப் பின்னோக்கி நகர்ந்தது. பின்னால் நின்ற பால்காரர் சைக்கிள் மணியை விடாமல் அடித்தார். பெரியப்பா பெடலை விட்டு இரண்டு முறை விரைந்து மிதித்தார். வண்டி நின்றுவிட்டது.

"பழைய வண்டி அல்லவா? இரண்டு மிதி மிதித்தால் சரியாகிவிடும்" என்றார்.

அன்று அவர் சொன்ன அந்தச் சொல்லைப் பற்றித்தான் இன்றைய பேச்சு முழுவதும் என்றாலும் பொருந்தும். அவர் கவனமற்றவர் அல்லர். பல ஆண்டுகள் கார் ஓட்டியவர். ஆனால் அந்தக் குறை ஒரே நாளில் வரவில்லை. நாளுக்கு நாள் நூலிழை நூலிழையாக வளர்ந்தது. அது வளர வளர அவர் காலும் அதற்கேற்பப் பழகிக்கொண்டது. குறை பெரிதாவதை அறிய வேண்டிய காலே குறையை மறைக்கக் கற்றுக்கொண்டது. பிரேக்கின் பேராபத்து இதுதான்.

இதைத் தெளிவாக அறிய, முதலில் உங்கள் பௌதிகப் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வாழ்ந்த பிளேஸ் பாஸ்கல் என்னும் அறிஞர், அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்று காட்டினார். அவர் 1662-ல் மறைந்தார். இதை விளக்கும் அவருடைய நூல் 1663-ல் வெளிவந்தது. அந்த விதியே நம் காலடியில், பிரேக் பெடலின் கீழ், ஒவ்வொரு நாளும் வேலை செய்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எளிமைக்காக முழு எண்களையே எடுத்துக்கொள்கிறேன். ஓட்டுபவர் பெடலை 20 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் மிதிக்கிறார். பெடல் ஒரு நெம்புகோல். அது அந்த விசையை ஐந்து மடங்காக்கி, 100 கிலோவாக மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனுக்குத் தருகிறது. பிஸ்டனின் முகப்பரப்பு 4 சதுர சென்டிமீட்டர் என்றால், எண்ணெயில் உண்டாகும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோ. இந்த அழுத்தம் குழாய்களின் வழியே நான்கு சக்கரங்களுக்கும் அப்படியே போகிறது. சக்கரத்திலுள்ள சிறு சிலிண்டரின் பிஸ்டன் பரப்பு 5 சதுர சென்டிமீட்டர் என்றால், அது பிரேக் ஷூவை 125 கிலோ விசையுடன் தள்ளும். நான்கு சக்கரங்களிலும் சேர்த்து எட்டுப் பிஸ்டன்கள் இருந்தால் மொத்தம் 1000 கிலோ. இருபது கிலோ விசை ஆயிரமாகிவிட்டது.

ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. விசையில் பெற்றதைத் தொலைவில் இழந்தாக வேண்டும். பெடல் 10 சென்டிமீட்டர் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் 2 சென்டிமீட்டர்தான் நகரும். அது தள்ளும் எண்ணெய் 8 கன சென்டிமீட்டர். அந்த எண்ணெய் எட்டுப் பிஸ்டன்களுக்கும் பங்காகும்போது ஒவ்வொன்றும் நகரும் தொலைவு வெறும் 2 மில்லிமீட்டர். எட்டுக் கன சென்டிமீட்டர் என்பது எவ்வளவு? இரண்டு தேக்கரண்டிக்கும் குறைவு. ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடையுள்ள வண்டியை நிறுத்தும் வேலை இரண்டு தேக்கரண்டி எண்ணெயை நம்பி நடக்கிறது. அதில் அரைக் கரண்டி வழிதவறினாலும் பெடல் ஆழமாக இறங்கும். ஒரு கரண்டி தவறினால் ஷூ டிரம்மைத் தொடுமுன்பே பெடலின் பயணம் முடிந்துவிடும்.

தொடக்க கால மோட்டார் வண்டிகளில் இந்த ஏற்பாடு இல்லை. இரும்புக் கம்பிகளாலும் முறுக்குக் கம்பிகளாலும் பிரேக்கை இழுத்தார்கள். ஒரு கம்பி இறுகி மற்றொன்று தளர்ந்தால், ஒரு சக்கரம் பிடிக்கும், மற்றொன்று உருளும், வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். திரவ அழுத்தத்தால் எல்லாச் சக்கரங்களுக்கும் சமமாக விசையைப் பங்கிடும் முறையை அமெரிக்காவில் மால்கம் லாஹீட் என்பவர் உருவாக்கினார். 1921-ல் வெளிவந்த டூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களிலும் அத்தகைய பிரேக்கைக் கொண்டிருந்தது. பின்னர் உலகெங்கும் அதுவே வழக்கமாயிற்று. நம் நாட்டில் மேற்கு வங்கத்து உத்தரபாராவில் 1957 முதல் 2014 வரை செய்யப்பட்ட அம்பாசிடரும், பம்பாயில் செய்யப்பட்ட பிரீமியர் பத்மினியும், 1961 முதல் சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இம்முறையில்தான் நின்றன. சென்னைப் பாடியில் 1962-ல் தொடங்கப்பட்ட பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் இத்தகைய உறுப்புகளை இங்கேயே செய்யத் தொடங்கியது.

இனி மாஸ்டர் சிலிண்டருக்குள் எட்டிப் பார்ப்போம். அது கையடக்கமான ஓர் இரும்புக் குழல். உள்ளே கண்ணாடிபோல் வழவழப்பாகக் கடையப்பட்டது. குழலுக்கு மேலே பிரேக் ஆயில் நிறைந்த ஒரு தொட்டி. குழலுக்குள் ஒரு பிஸ்டன். அதன் முன்முனையில் கிண்ணம்போன்ற ஒரு ரப்பர்க் கப். பின்முனையில் மற்றொரு ரப்பர் வளையம். முன்னாலுள்ள கப்புக்குச் சற்று முன்னே, தொட்டியிலிருந்து குழலுக்குள் இறங்கும் ஊசித்துளை ஒன்று உண்டு. பெடலை மிதிக்காதபோது அந்தத் துளை திறந்திருக்கும். மிதித்தவுடன் கப் அத்துளையைக் கடந்து மூடிவிடும். அதன்பிறகே அழுத்தம் பிறக்கும். பெடலை விட்டதும் சுருள்வில் பிஸ்டனைப் பின்னே தள்ளும். துளை மீண்டும் திறக்கும். வெப்பத்தால் பெருகிய எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும்.

இரண்டு ரப்பர்களுக்கும் வேலை வேறு வேறு என்பதை நன்கு மனத்தில் கொள்ளுங்கள். முன்னதன் வேலை அழுத்தத்தைத் தாங்குவது. பின்னதன் வேலை எண்ணெய் வெளியே சிந்தாமல் காப்பது. பின்ரப்பர் தேய்ந்தால், எண்ணெய் பெடல் கோலின் வழியே வெளியே கசியும், தொட்டியில் அளவு குறையும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். முன்கப் தேய்ந்தாலோ, அழுத்தம் பெற்ற எண்ணெய் கப்பின் விளிம்பைத் தாண்டிப் பின்னுள்ள இடைவெளிக்குப் போய், அங்கிருந்து தொட்டிக்கே திரும்பிவிடும். தரையில் ஒரு சொட்டும் விழாது. தொட்டியில் அளவும் குறையாது. ஆனால் காலின் கீழே பெடல் மட்டும் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகும்.

"அப்படியானால் இரண்டு முறை மிதித்ததும் ஏன் நின்றது?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஒவ்வொரு முறை பெடலை விடும்போதும் தொட்டியிலிருந்து புதிய எண்ணெய் கப்பின் விளிம்பைத் தள்ளிக்கொண்டு முன்னே வருகிறது. விரைந்து மிதித்தால், கசிந்து போகும் எண்ணெயைவிட முன்னே வரும் எண்ணெய் மிகுதியாகிறது. ஓட்டைக் குடத்தில் விரைந்து நீர் ஊற்றினால் சிறிது நேரம் நிறைந்திருப்பது போன்றதே அது. குடம் சரியாகிவிட்டதென்று அதற்குப் பொருளன்று.

இந்த இரண்டாவது மிதிக்கு ஒரு விலையும் உண்டு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. பெடலைவிட்டு மீண்டும் மிதிக்க ஒரு விநாடி ஆகுமானால், அந்தப் பதினேழு மீட்டரும் பிரேக் இல்லாமல் கடந்த தொலைவு. சாலையைக் கடக்கும் ஒரு பிள்ளைக்கு அந்தத் தொலைவு எவ்வளவு பெரிது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இனிக் குறையைக் கண்டறியும் முறைக்கு வருவோம். மறுநாள் பெரியப்பாவின் காரை எங்கள் ஊர்ப் பட்டறை ஒன்றுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த முதிய மேஸ்திரி எடுத்தவுடன் ஸ்பேனரைத் தொடவில்லை. முதலில் பிரேக் ஆயில் தொட்டியின் மூடியைச் சுற்றிலும் துடைத்துவிட்டுத் திறந்து பார்த்தார். அளவு சரியாக இருந்தது. பிறகு நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும், ரப்பர் ஹோஸ்களையும், குழாய் இணைப்புகளையும், சிலிண்டரின் பின்முனையையும் விளக்கு வைத்துப் பார்த்தார். எங்கும் ஈரமில்லை. அதன்பின் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிடம் வரை பேசாமல் இருந்தார். பலமாக அழுத்தியபோது பெடல் ஓரளவு நின்றது. விரல் நுனியால் தொடுவதுபோல் மென்மையாக அழுத்தியபோது அது தானே கீழே இறங்கியது.

இது வியப்பாகத் தோன்றலாம். காரணம் எளிது. எண்ணெயின் அழுத்தமே கப்பின் விளிம்பை விரித்துக் குழலின் சுவரோடு ஒட்ட வைக்கிறது. பெரிய அழுத்தம் தேய்ந்த விளிம்பையும் ஒருவாறு ஒட்டவைத்துவிடும். சிறிய அழுத்தத்தால் அது இயலாது. எனவே தொடக்க நிலையிலுள்ள பழுது, பலமாக மிதிப்பவரிடம் ஒளிந்துகொள்ளும். மெல்ல மிதித்துக் காத்திருப்பவரிடம் அகப்படும். கேட்டின் முன்னே வண்டி நகர்ந்ததும் இதனால்தான்.

பெடலின் ஒவ்வொரு நடத்தைக்கும் ஒவ்வொரு பொருள் உண்டு. மிதித்தால் பஞ்சுபோல் அமுங்குகிறதா? குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறது. எண்ணெய் அமுங்காது; காற்று அமுங்கும். முதல் மிதியில் ஆழமாக இறங்கி, இரண்டாம் மிதியில் உயர்ந்து, பிறகு கல்போல் அசையாமல் நிற்கிறதா? ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி மிகுந்துவிட்டது. அதைச் சரிசெய்ய வேண்டும். அழுத்திப் பிடித்திருக்கையிலேயே சீராகக் கீழே இறங்குகிறதா? எங்கோ கசிகிறது. வெளியே ஈரம் இருந்தால் கசிவு அங்கே. எங்கும் ஈரமில்லையானால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளே. பெடலை விட்டபின்னும் சக்கரங்கள் பிடித்துக்கொண்டு சூடேறுகின்றனவா? பெடலுக்குரிய சிறு ஓய்வசைவு இல்லாமல் போய், ஊசித்துளை திறவாமல் இருக்கக்கூடும். இன்னொன்று: பூஸ்டர் உள்ள வண்டியில் எஞ்சினை இயக்கியதும் பெடல் சிறிது தாழ்வது இயல்பு, அதைப் பழுதென்று எண்ணிவிடக் கூடாது.

ஐயம் தீர ஒரு சோதனை மீதமிருந்தது. மேஸ்திரி சிலிண்டரிலிருந்து வெளியேறும் குழாயைக் கழற்றி, அவ்வாயைப் பொருத்தமான திருகாணியால் அடைத்து, மீண்டும் பெடலை மிதிக்கச் சொன்னார். இப்போது சக்கரங்களுக்கும் சிலிண்டருக்கும் தொடர்பே இல்லை. குறை வேறிடத்தில் இருந்தால் பெடல் பாறைபோல் நிற்க வேண்டும். அது நிற்கவில்லை, இறங்கியது. குற்றவாளி யார் என்பது உறுதியாயிற்று.

பெரியப்பா, "ஆரியங்காவு போய் வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாமே" என்றார்.

மேஸ்திரி சொன்ன மறுமொழி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "அண்ணாச்சி, இன்றைக்கு இரண்டு மிதி கேட்கிற வண்டி நாளைக்கு மூன்று மிதி கேட்கும். சமதளத்தில் கேட்டால் கொடுக்கலாம். புளியரை இறக்கத்தில் கேட்டால் கொடுக்க உங்களிடம் நேரம் இருக்காது."

அவர் அஞ்சியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அந்தக் காரின் சிலிண்டர் ஓரறை வகை. ஒரே பிஸ்டன் நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் தருவது. அது கைவிட்டால் நான்கு சக்கரங்களும் கைவிட்டுவிடும். எஞ்சுவது கைப்பிரேக் மட்டுமே. இரண்டு பிஸ்டன்களைக் கொண்டு சக்கரங்களை இரு பிரிவாக்கி, ஒன்று போனாலும் மற்றொன்று நிற்கும்படி செய்த சிலிண்டர்கள் பின்னால் பரவின. இன்றைய கார்களில் அதுவே உள்ளது. பழைய காரை வைத்திருப்பவர், அதற்கு அந்த இரண்டாவது வாய்ப்பு இல்லை என்பதை மறக்கலாகாது.

இப்போது மாற்றும் வேலை. கழற்றிய சிலிண்டருக்குள் துணி சுற்றிய கோலால் துடைத்துவிட்டு விளக்கைக் காட்டினார் மேஸ்திரி. பிஸ்டன் நாள்தோறும் ஓடிய இடம் பளபளத்தது. அதற்கு அப்பால், என்றுமே எட்டாத பகுதியில், துருவும் சிறு குழிகளும் தெரிந்தன. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. பல ஆண்டுகள் மாற்றாமல் விட்டால் அந்த ஈரமே இரும்பை அரிக்கும். ஒருநாள் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும்போது, ரப்பர்க் கப் அந்தக் கரடான பகுதியில் உராய்ந்து கிழிபடுகிறது. குழல் வழவழப்பாக இருந்தால் புதிய ரப்பர்களை மட்டும் இட்டுப் பயன்படுத்தலாம். குழி விழுந்த குழலில் புதிய ரப்பரை இடுவது, கிழிந்த பாயின்மேல் பட்டு விரிப்பது போன்றது. முழுச் சிலிண்டரையும் மாற்றுவதே முறை. அதுவும் பழையதன் அதே உள்விட்டம் உடையதாக இருக்க வேண்டும். விட்டம் பெரிதானால் அதே விசைக்கு அழுத்தம் குறையும். சிறிதானால் தள்ளப்படும் எண்ணெய் போதாது. நாம் முன்னே போட்ட கணக்கே இதற்குச் சான்று.

வேலையின் ஒழுங்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வண்டியைச் சமதளத்தில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். தொட்டியிலுள்ள பழைய எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். பிரேக் ஆயில் பெயிண்டை உரித்துவிடும். ஆகவே கீழே துணி விரித்து, சிந்தினால் உடனே நீரால் கழுவ வேண்டும். குழாயின் நட்டை அதற்குரிய ஸ்பேனரால், முனை மழுங்காமல் தளர்த்த வேண்டும். பிறகு பெடல் கோலின் முளையையும், சிலிண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் கழற்றலாம். சிலிண்டர் இருக்கும் இடம் வண்டிக்கு வண்டி மாறும்; சிலவற்றில் எஞ்சின் அறையின் பின்சுவரில், சிலவற்றில் ஓட்டுநரின் காலடித் தகட்டுக்குக் கீழே.

இந்த வேலையில் மண்ணெண்ணெய், பெட்ரோல், எஞ்சின் ஆயில் மூன்றுக்கும் இடமே இல்லை. இவற்றில் ஒரு துளி பட்டாலும் பிரேக்கிலுள்ள ரப்பர் ஊதிப் பருத்துக் கெட்டுவிடும். ஒரு சிலிண்டரின் ரப்பர் மட்டுமல்ல, நான்கு சக்கரங்களின் ரப்பரும் ஹோஸும் கெட்டுவிடும். புதிய உறுப்புகளைக் கழுவவும் ஈரப்படுத்தவும் தூய பிரேக் ஆயிலையே பயன்படுத்த வேண்டும்.

புதிய சிலிண்டரை வண்டியில் பூட்டுமுன், அதை வைஸில் பிடித்து, தொட்டியில் எண்ணெய் ஊற்றி, பிஸ்டனை மெல்லத் தள்ளித் தள்ளி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டால் பின்வேலை எளிதாகும். பூட்டியபின், பெடல் கோலுக்கும் பிஸ்டனுக்கும் இடையே கையேடு சொல்லும் சிறு இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த இடைவெளி இல்லையேல் ஊசித்துளை திறவாது, பிரேக் விடாது.

அடுத்தது பட்டறைக்காரர்கள் "ஏர் எடுப்பது" என்று சொல்லும் வேலை. சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குவது பொது வழக்கு. நம் நாட்டு வண்டிகளில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வதால், இடப் பின்சக்கரம் முதலாவது. பின்பு வலப் பின்சக்கரம். பின்பு இட முன்சக்கரம். கடைசியில் வல முன்சக்கரம். சக்கரத்தின் நிப்பிளில் ஒரு தெளிந்த குழாயை மாட்டி, அதன் மறுமுனையைப் பிரேக் ஆயில் உள்ள புட்டியில் மூழ்கச் செய்ய வேண்டும். ஒருவர் பெடலில் இருக்க, மற்றொருவர் நிப்பிளில் இருப்பார். அன்று பெடலில் அமர்ந்தவன் நான்.

"மிதி, தம்பி" என்பார் மேஸ்திரி. "மிதித்தேன்" என்பேன். நிப்பிளைத் தளர்த்துவார், பெடல் தரைக்கு இறங்கும், குமிழிகள் வெளிவரும். நிப்பிளை இறுக்கியபின், "விடு" என்பார். அந்தச் சொல் வருமுன் காலை எடுத்தால் வெளியேறிய காற்று மீண்டும் உள்ளே போய்விடும். குமிழியற்ற எண்ணெய் வரும்வரை இதைத் தொடர வேண்டும். இடையிடையே தொட்டியை நிரப்பவும் மறக்கக் கூடாது. அது வறண்டால் முழு வேலையையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். வெளியேறிய எண்ணெயை, எவ்வளவு தெளிவாகத் தோன்றினாலும், மீண்டும் ஊற்றலாகாது.

புதிய எண்ணெயின் பயன் பெடலோடு முடிவதில்லை. 'டாட் 3' என்று குறிக்கப்பட்ட பிரேக் ஆயிலின் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியசு இருக்க வேண்டும். ஏறத்தாழ நூற்றில் நான்கு பங்கு ஈரம் ஏறிய நிலைக்கு வகுக்கப்பட்ட அளவோ 140 பாகைதான். நீண்ட மலையிறக்கத்தில் பிரேக்கை ஓயாமல் மிதித்தால் டிரம்கள் காய்ந்து, ஈரமேறிய எண்ணெய் கொதித்து ஆவியாகும். ஆவியும் காற்றைப்போல் அமுங்கும். பெடல் தரையைத் தொடும். ஆகவே இறக்கத்தில் சிறிய கியரில் இறங்கி, வண்டியை அடக்கும் சுமையை எஞ்சினுக்கும் பகிர்ந்து கொடுக்க வேண்டும் என்பது ஓட்டுநர்களின் பழைய பாடம்.

வேலை முடிந்ததும் மேஸ்திரி மீண்டும் பெடலை ஒரு நிமிடம் மெல்ல அழுத்திப் பிடித்தார். பிறகு பலமாக அழுத்திப் பிடித்தார். இரண்டு முறையும் அது அசையவில்லை. இணைப்புகளை ஒருமுறை விரலால் தடவி ஈரம் பார்த்தார். கைப்பிரேக்கைச் சோதித்தார். ஆளில்லாத தெருவில் நடை வேகத்தில் ஓட்டி நிறுத்தினார். அதன்பின்னரே சாவியைப் பெரியப்பாவிடம் தந்தார். நம்மில் ஒருவர் இவ்வேலையைக் கற்க விரும்பினால், தேர்ந்தவர் அருகிருந்து கற்பதே நன்று. பிரேக் வேலையில் செய்த தவறு பட்டறையில் தெரியாது, சாலையில்தான் தெரியும்.

பெரியப்பா சாவியை வாங்கி, வண்டியை எடுத்து, தெருக்கோடியில் பிரேக்கை மிதித்தார். பழக்கத்தால் காலை ஆழமாக இறக்கிவிட்டார். வண்டி சடாரென்று நின்றது. நாங்கள் அனைவரும் முன்னே சாய்ந்தோம். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "இத்தனை நாளாக நான் எதை மிதித்துக்கொண்டிருந்தேன்?" என்று தமக்குத்தாமே கேட்டுக்கொண்டார். நல்ல பிரேக் எப்படியிருக்கும் என்பதையே அவர் கால் மறந்திருந்தது.

நாங்கள் ஆரியங்காவு சென்று திரும்பினோம். புளியரை வளைவுகளில் வண்டி ஒழுங்காக இறங்கியது. சொல்லத்தக்க நிகழ்ச்சி எதுவும் நடக்கவில்லை. வருமுன் காத்தவர்களின் கதைகள் எல்லாம் இப்படித்தான் முடியும். கேட்கச் சுவையற்றவை, வாழ நல்லவை.

மாணவ நண்பர்களே, உங்களில் பலரிடம் கார் இல்லாமல் இருக்கலாம். பழைய அம்பாசிடரை நீங்கள் ஓட்டாமலே போகலாம். ஆனால் உங்கள் வீட்டு வண்டியிலும், நீங்கள் ஏறும் வேனிலும், நாளை நீங்கள் பொறுப்பேற்கும் எந்தப் பொறியிலும், "இரண்டு மிதி மிதித்தால் சரியாகிவிடும்" என்ற சொல்லை ஒருநாள் கேட்பீர்கள். அன்று அந்தச் சொல்லுக்கு உடன்பட வேண்டாம். அளவு குறையாத தொட்டியும் ஈரமில்லாத தரையும் கண்டு ஏமாற வேண்டாம். பெடலின்மேல் காலை மெல்ல வைத்து, ஒரு நிமிடம் பொறுத்திருங்கள். அது இறங்கினால், பட்டறைக்குப் போகும் வழி ஒன்றே நீங்கள் அந்த வண்டியில் போகத்தக்க வழி. அதுவும் மெதுவாக, கைப்பிரேக்கின்மேல் கைவைத்தபடி. வழியில் மேடுபள்ளம் இருந்தால் மேஸ்திரியையே வீட்டுக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.